யார் பணம், யார் கை, யார் கண்: எழுபதைத் தாண்டிய ஒரு பெண் துணி எடுத்த விதம்

காவிரிப் படுகையில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்குத் துணி எடுக்கிறார்கள் என்றால், கணக்குச் சொல்வது அந்த வீட்டின் மூத்த பெண். நாத்தனாருக்கு எந்த விலையில், ஓரகத்திக்கு எந்தக் கரையில், மாரியம்மனுக்குச் சாத்த எந்த நிறத்தில் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். கடைக்காரரிடம் பேரம் பேசுவதும் அவரே. அதே பெண் தனக்கென்று ஒரு புடவை கேட்டுக் கடைக்குள் நுழைந்தால், விற்பனையாளர் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. கூட வந்த மகளையோ மருமகளையோ பார்த்து, "பாட்டிக்கு எந்த மாதிரி காட்டட்டும்?" என்று கேட்கிறார். ஊருக்கெல்லாம் துணி எடுத்துக் கொடுத்தவர் தன் துணியைப் பற்றிய பேச்சில் மூன்றாம் ஆளாகிவிடுகிறார்.

இது எப்படி நடக்கிறது, எங்கே மாறுகிறது என்பதை ஒரே ஒருவரின் கொள்முதலை வைத்துப் பார்க்கும் முயற்சி இந்த ஆய்வு. நான் தையல் தொழில் செய்பவள். வயதான பெண்களுக்கு ரவிக்கை தைப்பதே என் வேலையில் பெரும்பகுதி. கடையில் எடுத்த துணி உடம்புக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை முதலில் பார்ப்பவள் தையல்காரி. அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆய்வுக்குரியவர்

வயது 72. திருவிடைமருதூர் வட்டத்தில் ஒரு கிராமம். கணவர் இல்லை. ஐந்து மா (இங்கே வழங்கும் நில அளவு) நன்செய், ஒரு போகம் சம்பா. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். மகன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார். மகள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். முழங்கால் வலி உண்டு; வலது தோள் இறுகி, கை பின்னால் போகாது; ஒரு கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது, இன்னொரு கண்ணுக்கு நாள் குறிக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. எனக்கும் அப்படியே, இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் அவர் விருப்பப்படி விட்டுவிட்டேன்.

பெட்டியும் கொடியும்

துணி எடுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் இரும்பு வாசமும் அந்துருண்டை வாசமும் சேர்ந்து வரும். அடியில் அவருடைய கூறைப் புடவை. இன்று மயிலாடுதுறை நகரின் ஒரு பகுதியாக இருக்கும் கூறைநாட்டில் நூலும் பட்டும் கலந்து நெய்தது. மடிப்புகளில் இழை விட்டுப்போயிருக்கிறது, தொடவே விடமாட்டார். அதன் மேல் ஒரு திருபுவனம் பட்டு. கணவரின் மணிவிழாவுக்குத் திருக்கடையூர் போனபோது மகன் எடுத்துக் கொடுத்தது. திருபுவனத்துக்கே உரிய விசிறி மடிப்பு கலைந்து போயிருந்தாலும் புடவை புதிது போலவே இருக்கிறது. அதற்கும் மேல், கணவர் இறந்தபோது பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடிப் புடவைகள். மீதி இடம் முழுவதும் கல்யாணங்களிலும் மஞ்சள் நீராட்டுகளிலும் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்த சின்தெடிக் புடவைகள். பலவற்றின் கண்ணாடிக் காகித உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

அவர் உண்மையில் கட்டுவது இந்தப் பெட்டியில் இல்லை. அது கொல்லைப்புறக் கொடியில் தொங்குகிறது: நான்கைந்து மெல்லிய வாயில் (voile) நூல் புடவைகள், துவைத்துத் துவைத்து ஓரம் நைந்தவை. பெட்டி நிறையப் புடவை இருக்கிறது என்று மருமகள் சொல்வது உண்மை. கட்டிக்கொள்ள ஒன்றுமில்லை என்று பெரியம்மா சொல்வதும் உண்மை. பெட்டியில் இருப்பவை மற்றவர்கள் அவருக்குச் செய்த மரியாதைகள். கொடியில் இருப்பவைதாம் அவர் தேர்ந்தெடுத்தவை. சமையலறைப் புழுக்கத்திலும் ஆனி, ஆடிக் காற்றிலும் ஐப்பசி ஈரத்திலும் உடம்பு எதைத் தாங்கும் என்பதைக் கொடி சொல்லிவிடுகிறது.

வயதான பெண்களுக்குத் துணி வாங்கித் தர நினைக்கும் எவரும் முதலில் கொடியைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலோர் பெட்டியைப் பார்க்கிறார்கள், அல்லது எதையும் பார்ப்பதில்லை.

தீபாவளிக் கொள்முதல்

மகன் ஊருக்கு வந்திருந்தார். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், மகள் என்று எல்லோரும் கும்பகோணத்தில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போனார்கள். அளவு ரவிக்கையோடு என்னையும் பெரியம்மா அழைத்துக்கொண்டார், துணி கிழிப்பதற்கு முன் நான் பார்க்க வேண்டும் என்று.

கீழ்த்தளத்தில் பட்டு. அங்கே உட்கார நாற்காலி இருந்தது, தண்ணீர் வந்தது. அன்றாடம் கட்டும் நூல் புடவைகள் இரண்டாம் மாடியில். மின்தூக்கியில் கூட்டம். பெரியம்மா படியேறினார், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. மேலே போனதும் உட்கார இடம் கேட்டார், இல்லை. நீண்ட மேசைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். காலையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைக்குப் போனால் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் பலர் இந்தக் கணக்கோடுதான் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். ஒரு கடை எத்தனை தளம் கட்டியிருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் தவறினால் எழுபது வயதுப் பெண் அங்கே அரை மணிக்கு மேல் நிற்கமாட்டார்.

விற்பனையாளர் மருமகளிடம் கேட்டார். மருமகள், "வயதானவர்களுக்கு எளிதாகத் துவைக்கிற மாதிரி, வெளிர் நிறத்தில் காட்டுங்கள்" என்றார். அன்போடு சொன்னதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சாம்பல், சந்தனம், வெளிர் நீலம் எனப் பூப் போட்ட பாலியஸ்டர் புடவைகள் மேசையில் விழுந்தன. பெரியம்மா மூலையில் அடுக்கியிருந்த ஒரு கத்தரிப்பூ நிற நூல் புடவையைக் காட்டி, அதை எடுக்கச் சொன்னார். "அது சாயம் போகும் பாட்டி" என்றார் விற்பனையாளர். எடுக்கவில்லை. மகன் நேரத்தைப் பார்த்தார். சாம்பல் நிறப் பாலியஸ்டர் ஒன்றும், சந்தன நிறத்தில் ஒன்றும் பில் போட்டாயிற்று. பெரியம்மா, "நன்றாக இருக்கிறது" என்றார்.

அந்தச் சொல்லை நம்பக்கூடாது. மகன் பணம் கொடுக்கிறான், மருமகள் முன்னால் நிற்கிறாள், பேரப்பிள்ளைகளுக்குப் பசி. அந்த இடத்தில் வேறு எதையும் எந்தத் தாயும் சொல்லமாட்டார். சாம்பல் புடவையைத் தீபாவளி அன்று கட்டினார். பிறகு இரண்டுமே பெட்டிக்குள் போயின.

மாசிக் கொள்முதல்

தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்து, குத்தகைக்காரர் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கொடுத்தார். ஆண்டில் ஒருமுறை பெரியம்மாவின் கையில் அவருடைய சொந்தப் பணம் புரளும் காலம் இது. உரமும் மருந்தும் கடனும் கழித்துப் பெரிய தொகை இல்லை. ஆனாலும் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத தொகை. மாசி மகக் கூட்டம் கலைந்த பிறகு, ஒரு சாதாரண நாளில், காலைப் பஸ்ஸில் கும்பகோணம் போனார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. வெறும் பார்வைக்காகக்கூட ஒருமுறை போய்வரலாம் என்ற தைரியம் அதில் வந்திருக்கிறது. மகள் கூட வந்தார். நானும் போனேன்.

இந்த முறை அவரே கடையைத் தேர்ந்தெடுத்தார். பழைய கடைவீதியில், ஒரே தளத்தில், தெருவைப் பார்த்துத் திறந்த கடை. வாசலை ஒட்டி ஒரு பெஞ்சு. மேசைக்குப் பின்னால் இருந்தவரும் வயதானவர். "வாருங்கள் அம்மா, என்ன பார்க்கிறீர்கள்?" என்று பெரியம்மாவிடமே கேட்டார். அவர் பதில் சொன்னார்: "நூல் புடவை. வீட்டில் கட்ட இரண்டு, வெளியே போக ஒன்று. ஆயிரத்துக்குள். கஞ்சி அதிகம் வேண்டாம். பன்னா குறைவாக வேண்டும்."

தீபாவளிக் கொள்முதலில் அதிகம் பேசாதவர் இவர்தான். தேவை, எண்ணிக்கை, விலை, நெசவு, அகலம் என ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாத பெண் அல்ல இவர். கேட்கப்படாதவர், அவ்வளவே.

பன்னா குறைவாக வேண்டும் என்ற அந்தக் கடைசிச் சொல் கூட வந்த மகளுக்கே புதிதாக இருந்தது. வழக்கமான புடவையின் அகலம், அதாவது பன்னா, 46 முதல் 48 அங்குலம். வயது ஏற ஏற முதுகெலும்பு சுருங்கி உயரம் குறைகிறது. கூன் விழும்போது முன்பக்கம் இன்னும் தாழ்கிறது. அதே புடவை இப்போது காலடியில் தட்டும். இடுப்பில் அதிகமாகச் செருகினால் வயிற்றில் துணி கனக்கிறது. செருகாமல் விட்டால் படியில் தடுக்கி விழ நேரும். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றாது.

கையும் வெளிச்சமும்

பெரியம்மா புடவை பார்த்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு முழு அறிவு இருக்கிறது.

முதலில் முந்தானையைப் பார்க்கவில்லை. மடிப்பை விலக்கிப் புடவையின் உடலைப் பிடித்தார். ஒரு மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், கஞ்சி உதிரும் வரை. கஞ்சி போட்ட மலிவான நூல் புடவை கடையில் விறைப்பாக நிற்கும். முதல் சலவையில் கஞ்சி போனதும் இழை இடைவெளி தெரியும். தேய்த்த இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நெசவின் நெருக்கம் தெரிந்துவிடும். பிறகு ஒரு பிடி துணியை உள்ளங்கையில் கசக்கி விட்டார். கலப்பு நூல் உடனே விரியும். சுத்தமான பருத்தி மடிப்பைக் காட்டும். ஈர விரலால் கரையைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று தன் வெள்ளைக் கைக்குட்டையில் பார்த்தார். தீபாவளிக் கடை விற்பனையாளர் "சாயம் போகும்" என்று வாயால் சொன்னதற்கு இவர் சோதனையால் விடை கண்டார். வீட்டில் என்றால் ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்தியும் பார்ப்பாராம். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகும். பட்டு, முடி கருகும் வாடை தரும்.

உறையில் போட்டு, ஊசி குத்தி, அட்டையில் மடித்து விற்கும் முறை இந்த அறிவை முழுவதுமாக முடக்குகிறது. பிரித்துக் காட்ட விற்பனையாளருக்கு மனம் வருவதில்லை. கை தொடாத இடத்தில் எஞ்சுவது நிறமும் விலைச் சீட்டும் மட்டுமே.

நிறமோ கண்ணைப் பொறுத்தது. வயதாகும்போது கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. நீல ஒளி குறைவாகவே உள்ளே போகிறது. கருநீலமும் கறுப்பும், ஊதாவும் பாக்கு நிறமும் கடையின் மின்விளக்கில் ஒன்றாகத் தெரியும். ஒரு கண்ணில் புரை நீக்கியவருக்கு இரண்டு கண்ணிலும் இரண்டு நிறம். பெரியம்மா ஒவ்வொரு புடவையையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தெரு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, "இது நீலம் இல்லை, மயில்கழுத்து" என்று திரும்ப வந்தார். கடைக்காரர் தடுக்கவில்லை. இரண்டாம் மாடியில் இதற்கு வழியே இல்லை என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

நிறத்தைப் பற்றிய பேச்சு

அந்தக் கடையில் பெரியம்மா கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று கேட்டு எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். மகள் தயங்கினார். அப்பா இல்லாத வீட்டில் அம்மா அடர்ந்த நிறம் கட்டினால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம். பெரியம்மா கோபப்படவில்லை. "உன் அப்பாவுக்கு இந்த நிறம் பிடிக்கும். வெளிர் நிறத்தில் மஞ்சளும் குழம்பும் பட்டால் கறை தெரியும். நான் அடுப்படியில் நிற்கிறவள்" என்றார்.

கணவனை இழந்த பெண்ணுக்கு வெளிர் நிறம் என்ற வழக்கம் இங்கே சாதிக்குச் சாதி, வீட்டுக்கு வீடு மாறுகிறது. இறுக்கம் பல வீடுகளில் தளர்ந்திருக்கிறது. ஆனால் கடையில் அது வேறு உருவத்தில் தங்கிவிட்டது. "வயதுக்கு ஏற்ற நிறம்" என்று பெயர் மாற்றிக்கொண்டு, கணவர் இருக்கும் பெண்களுக்கும் சேர்த்துச் சாம்பலையும் சந்தனத்தையும் நீட்டுகிறது. இதைச் சொல்லும் விற்பனையாளர்களுக்குப் பெரும்பாலும் இருபது இருபத்தைந்து வயது. அவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மாற்றியும் சொல்லிக்கொடுக்கலாம்.

மூன்று புடவைகள் வாங்கினார்: கத்தரிப்பூ, மயில்கழுத்து, வெந்தய நிறத்தில் ஒன்று. வெந்தய நிறம் மகளின் மனதுக்காக என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

உடம்பில் ஏறிய பிறகு

புடவையோடு வரும் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி அவருக்குப் போதாது. முழங்கை வரை கை வேண்டும். அதனால் தனியாக டூ பை டூ துணி எடுத்தோம், லைனிங் இல்லாமல் தைக்க. ஆயத்த ரவிக்கைகளை அவர் வயதுள்ள பெண்கள் ஏன் வாங்குவதில்லை என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். கை குட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கிறது, முதுகு ஆழமாக வெட்டியிருக்கிறது, அளவுகள் நிமிர்ந்து நிற்கும் உடம்புக்கு வெட்டியவை. கூன் விழுந்த உடம்புக்கு முதுகு நீளம் கூடுதலாகவும் முன் நீளம் குறைவாகவும் வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். தோள் இறுகியவருக்குக் கைக்குழியைப் பெரிதாக வெட்டி, அக்குளில் ஒரு சிறு துண்டு சேர்த்தால் கை தூக்காமலே நுழைக்கலாம். முன்பக்கக் கொக்கிகளுக்குப் பதில் பெரிய பிரஸ் பட்டன் வைத்தேன். விரல் மூட்டு வீங்கியவர்கள் சின்னக் கொக்கியோடு விடியற்காலையில் படும் பாடு மற்றவர்கள் கண்ணில் படுவதில்லை.

பாவாடை நாடாவைப் பற்றித் தனியே எழுத வேண்டும். நூல் போன்ற நாடாவை ஐம்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் பெரியம்மாவின் இடுப்பில் கறுத்த வரி விழுந்திருக்கிறது. அரிப்பு வந்தால் சீயக்காய் தடவுவாராம். இப்படி நெடுங்காலம் உராய்ந்து ஆறாத புண்ணாகி, அரிதாகப் புற்றாக மாறியதை இந்திய மருத்துவர்கள் 2024 இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், மறைக்கக்கூடாது. நான் இப்போது இரண்டு அங்குல அகலத்தில் துணிப்பட்டை வைத்துத் தைக்கிறேன். அழுத்தம் பரவுகிறது. கடைகளில் இப்படிப்பட்ட பாவாடை கேட்டால் கிடைப்பது கடினம். கேட்பவர்கள் கூடினால் வரும்.

கடைக்கு வெளியே

தெருவில் வண்டியில் மூட்டை கட்டி வரும் தவணைக்காரரிடம் பெரியம்மா ஆண்டு முழுவதும் ஏதாவது வாங்குகிறார்: உள்பாவாடை, துண்டு, நைட்டி. விலை கடையைவிடக் கூடுதல் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்தபடி, சூரிய வெளிச்சத்தில், பிரித்துப் போட்டு, நான்கு பெண்களின் கருத்தோடு வாங்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் மாற்றலாம். கூடுதல் விலை இந்த வசதிகளுக்குத்தான், கடனுக்கு மட்டுமில்லை. பேத்தி கைப்பேசியில் காட்டிய புடவை ஒன்றை ஒருமுறை வரவழைத்தார்கள். படத்தில் இலைப்பச்சை, வந்தது வேறு பச்சை. அத்தோடு விட்டுவிட்டார்.

பேத்தியின் கல்யாணம்

ஆவணியில் மகனின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மாவுக்குக் கனமான பட்டாக எடுக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. பெரியம்மா இந்த முறை பேசினார். "பணம் நீ கொடு. புடவையை நான் எடுக்கிறேன். கூட்டம் வருவதற்கு முன், காலையில் போவோம்" என்றார். மகன் ஒப்புக்கொண்டார், திருபுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. திருபுவனம் பட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்திருக்கிறார். அவருக்கு அதில் பெருமை.

போனார்கள். பெரியம்மா முதலில் கேட்டது புடவையின் எடையை. ஜரிகை நிறைந்த பட்டு அரைக் கிலோவைத் தாண்டிவிடும்; இறுகிய தோளில் அந்த முந்தானையைப் போட்டுக்கொண்டு முகூர்த்த நாள் முழுவதும் அவரால் நிற்க முடியாது. விற்பனையாளர் தராசில் வைத்துக் காட்டினார். பெரியம்மா ஒன்றை ஒதுக்கினார், இன்னொன்றை ஒதுக்கினார். கடைசியில் சன்னக் கரை போட்ட, ஜரிகை குறைந்த, ராமர் பச்சையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மகன் நினைத்திருந்த விலையில் அது பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சப் பணத்தில் சம்பந்தி வீட்டுக் கிழவிக்கும் அதே எடையில் ஒன்று எடுக்கச் சொன்னார். அவருக்கும் தோள்வலி உண்டு என்று நிச்சயதார்த்தத்திலேயே விசாரித்து வைத்திருந்தார். இரண்டு ரவிக்கைத் துணிகளும் என்னிடம் தைக்க வந்திருக்கின்றன.